ஏரலில் ஒப்பித்த பத்து வார்த்தைகள்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. முதுமையையும் முதுமையில் வரும் நோய்களையும் ஆராய்வதற்குப் பயிற்சி எடுக்கப் புதிதாக ஆறு இளம் விஞ்ஞானிகள் வந்திருக்கிறார்கள், அவர்களிடம் அரை மணி நேரம் உங்கள் அனுபவத்தைப் பேச முடியுமா என்று கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் என் பேச்சைத் தொடர்ந்து ஐந்து நிமிடம் கேட்க ஆளில்லை. அரை மணி நேரம் என்றால் சும்மாவா? நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது எல்லாம் டேப்லெட்டில்தான் நடக்கிறதாம். ஞாபகப் பரிசோதனைக்கான பத்து வார்த்தைகளை அதுவே பதிவு செய்த குரலில் வாசிக்கிறது. பெரியவர் திருப்பிச் சொல்வதையும் அதுவே பதிந்துகொள்கிறது. கண்ணாடி போட்ட ஒரு பையன் கேட்டான்: "அம்மா, உங்க காலத்துல இத யாரு வாசிச்சாங்க?" நான்தான் என்றேன். "மனுஷங்க வாசிச்சா தப்பு வருமே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். பிறகு இரண்டு மூன்று வேடிக்கைக் கதைகளைச் சொன்னேன். பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். அவன் கேட்டதற்கு உண்மையான பதிலை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. ஆஸ்பத்திரி வார்டில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். அதன் பிறகுதான் இந்த ஆய்வுப் பிரிவில் கள மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். ஆபீஸ் வண்ணார்பேட்டையில், மாடியில். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் வேக்காடு. ஆற்றை ஒட்டிக் கீழ்த்திசையில் ஏரல் வரைக்கும் உள்ள ஊர்களில் அறுபது தாண்டியவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் வேலை. அதே ஆள், அதே சோதனைகள். நடை எப்படி இருக்கிறது, கைப்பிடி எப்படி இருக்கிறது, ஞாபகம் எப்படி இருக்கிறது? ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே தண்ணீர் குடித்து வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் எழுபத்தைந்தில் சைக்கிள் மிதிக்கிறார், இன்னொருவரை நாற்காலியிலிருந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஏன்? இதுதான் எங்கள் பிரிவின் கேள்வி. சேர்ந்த புதிதில் எனக்கு அது சம்பளத்துக்கான வேலை மட்டும்தான். போகப் போக எனக்கே அந்த 'ஏன்' பிடித்துக்கொண்டது.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் விசாலம். கல்லிடைக்குறிச்சிக்காரர், குள்ளமான உருவம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கணக்குப் போட்டு, படம் வரைந்து, இதுதான் முடிவு என்று தாளைக் கொண்டு வந்து நீட்டினால், முழுவதும் படிப்பார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே உள்ளங்கையையும் வைத்துக்கொள்வார். "சரி, இத விட்டுரு. அந்த வீட்டுல நீ என்ன பாத்தே?" என்பார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் அந்தக் கையைப் பார்த்தபடி முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பத்து வார்த்தைகளை வாசிக்க எனக்கு ஒரு மாதம் பழக்கம் கொடுத்தார். இரண்டு நொடிக்கு ஒரு வார்த்தை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். எல்லா வார்த்தைக்கும் ஒரே குரல். எந்த வார்த்தையையும் அழுத்தக் கூடாது, கடைசி வார்த்தையை இழுக்கக் கூடாது. பெரியவர் திருப்பிச் சொல்லும்போது நம் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. சரி என்றும் சொல்லக் கூடாது, 'ம்' கூடக் கொட்டக் கூடாது. பிறகு நடை, கைப்பிடி எல்லாம் சோதித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து அதே வார்த்தைகளை இன்னொரு முறை கேட்க வேண்டும். வார்டில் நோயாளியிடம் வாய் ஓயாமல் பேசிப் பழகியவளுக்கு இது பெரிய தண்டனை.

ஜெபா எங்களிடம் பயிற்சிக்கு வந்தபோது எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. சாயர்புரத்துப் பெண். பெங்களூரில் புழுக்களுக்கு வயதாவதைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் புழு மூன்று வாரத்தில் பிறந்து, வளர்ந்து, கிழடு தட்டிச் செத்துவிடுமாம்.

"அக்கா, வயசான புழு எப்படி இருக்கும் தெரியுமா? பைய நெளியும். தொட்டாக்கூட நகர யோசிக்கும்" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

மூன்று வாரத்தில் ஒரு முழு ஆயுளைப் பார்த்து முடித்தவளுக்கு, இங்கே ஒரு ஆளை அடுத்த முறை பார்க்க இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது தாங்கவில்லை. வந்த புதிதில் அவள் செய்யாத தப்பு இல்லை. நான்கு மீட்டர் நடக்கச் சொல்லி எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனையில், கோட்டின் மறுமுனையில் இவளே போய் நின்றுகொண்டாள். டாக்டர் நிற்கிறார் என்று பாட்டிமார் முந்தானையை இழுத்து மூடி, கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தார்கள். கணக்கில் ஊரே நடக்க முடியாத ஊராகிவிட்டது. கைப்பிடிக் கருவியை ஒரு ஆச்சி பூப்போலப் பிடித்தார்கள். நல்லா அழுத்துங்க என்றால், "ஒடஞ்சி போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா தாயி?" என்றார்கள். பெரியவர்கள் சரியான வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் ஜெபாவின் தலை தானாக ஆடும். டாக்டர் விசாலம் அவள் தலைமேல் ஒரு நோட்டை வைத்து, அது விழாமல் பத்து நாள் பரிசோதனை நடத்திப் பழகச் சொன்னார். சிரித்துக்கொண்டே செய்தாள். நல்ல பிள்ளை. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் தாளோடு ஓடிவந்தாள். ஏரலில் நாங்கள் கடைசியாகச் சேர்த்த, வாழைத்தார் மண்டிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு தெரு. அங்கே எங்கள் கணக்கில் பதினான்கு பெரியவர்கள். மற்ற ஊர்களில் இரண்டு வருடத்தில் ஞாபகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அல்லது அப்படியே இருக்கிறது. இந்தத் தெருவில் மட்டும் எல்லோருக்கும் கூடியிருந்தது. அதிலும் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்ற மண்டி வியாபாரி, எழுபத்தாறு வயது, முதல் தடவை பத்துக்கு நான்கு சொன்னவர், இரண்டாம் தடவை பத்துக்குப் பத்து. இரண்டு தடவையும் சோதித்தது நான்தான்.

"அக்கா, இந்த வயசுலயும் மண்டிக்குப் போயி வெல பேசுதாங்கல்லா, அதுதான் காரணமா இருக்கும்" என்றாள். அவளுக்குக் கண் மின்னியது. அடுத்த மாதம் ஒரு பெரிய ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நேர்காணல். அங்கே இதைத்தான் பேசப்போகிறாள். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் சொந்த ஆராய்ச்சி.

டாக்டர் விசாலம் படித்தார், கவிழ்த்தார், கையை வைத்தார். பிறகு கேட்டது ஜெபாவிடம் இல்லை, என்னிடம்.

"கோமதி, சோதிக்கும்போது அறையில வேற யாரு இருந்தா?"

"படிவத்துல தனியாத்தான் இருந்தாருன்னு இருக்கு டாக்டர்" என்றாள் ஜெபா, எனக்காக.

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு: பரிசோதனையின்போது அவர் தனியாக இருந்தாரா, ஆமா, இல்லையா. பதினொரு வருடமாக நான் 'ஆம்' என்றுதான் போட்டுவந்தேன். ஒரு வீட்டில்கூட அது உண்மை இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஆழ்வார்திருநகரியில் ஒரு வீட்டில் விதிப்படி, "கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருங்க" என்று சொன்னேன். அந்த வீட்டு மருமகள் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்க வீட்டுல எங்களயே வெளிய போகச் சொல்லுதியளா?" என்று கேட்டாள். காப்பியும் தம்ளரோடு உள்ளே திரும்பிப் போயிற்று. அன்றைக்குப் பட்ட அவமானத்தில், அதற்குப் பிறகு நான் யாரையும் எழுந்து போகச் சொன்னதே இல்லை. நமக்கு நாற்காலி போட்டு, விசிறியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்து உபசரிக்கிறவர்களை எப்படி வெளியே அனுப்புவது? மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், மகன் நிலைப்படியில் நிற்பான், பக்கத்து வீட்டுக்காரியும் எட்டிப் பார்ப்பாள். கட்டின பெண்டாட்டி பக்கத்தில் இருப்பதை யாராவது கூட்டம் என்பார்களா? அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. டாக்டர் விசாலம் வாயால் கேட்ட அந்த நிமிடம் வரைக்கும் தோன்றவில்லை.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "வேற பத்து வார்த்தை தாரேன். ரெண்டு பேரும் போயி அதே தெருவுல கேட்டுட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை ஏரல். சங்கரலிங்கம் அண்ணாச்சி வேட்டி சட்டையோடு மண்டிக்குக் கிளம்பித் தயாராக இருந்தார். நல்ல உயரம், வாய் நிறையச் சிரிப்பு. அவர் மனைவி பிரமு மதினி வழக்கம்போல அவருக்கு அருகிலேயே பாயில் உட்கார்ந்துகொண்டார். ஜெபா புதிய வார்த்தைகளை வாசித்தாள். குடை, வெல்லம், நரி, ஊசி, தோணி என்று பத்து. தலை ஆடவில்லை. முகத்திலும் ஒன்றுமில்லை.

"இப்ப ஞாபகம் இருக்கிறத சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "விளக்கு, ஆறு, சாவி, மணி, தேங்கா, பாலம், சட்டை, கிளி, நாற்காலி, மழை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார்.

அத்தனையும் பழைய வார்த்தைகள். நான் நான்கு மாதம் முன்னாலும், அதற்கு இரண்டு வருடம் முன்னாலும் இதே அறையில் வாசித்தவை. வரிசைகூட மாறவில்லை. புதிய பத்தில் ஒன்றுகூட இல்லை.

மதினி மட்டும், "அவிய எப்பவும் கரெக்டாச் சொல்லிருவாவ" என்றார். சொன்ன பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்படிச் சுவரில், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பத்து வார்த்தைகளும் எழுதி ஒட்டியிருந்தன. முதல் தடவை நான் வாசித்தபோது பக்கத்தில் இருந்து கேட்டு எழுதியதாம். "நீங்கதானம்மா மவனுவ முன்னால நாலுதான் வந்துருக்குன்னு சொன்னிய? மறுநாளே, அப்பாவுக்கு மறதி வந்துட்டு, மண்டிக்கு வர வேண்டாம்னுட்டானுவ. மனுஷன் வீட்டுல அடஞ்சி கெடந்தாவ. என்னால பாக்க முடியல. தெனமும் சாப்பாட்டுக்கு உக்காந்ததும் பத்தையும் சொல்லச் சொல்லுவேன். சொன்னாத்தான் சோறு. அடுத்த தடவ நீங்க வந்தப்ப பத்தும் சொன்னாவளா, அப்புறந்தான் மண்டிக்குப் போக விட்டானுவ." அந்தத் தாளைப் பார்த்துத் தெருவில் மற்ற வீட்டுப் பெண்களும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்ற பயம்.

நான்கு என்று மகன்கள் முன்னால் சொன்னவள் நான். விளையாட்டாகச் சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜெபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதவித்தொகை கைவிட்டுப் போகிறதே என்று அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் திரும்பினாள். "அக்கா, காலையில என்ன சாப்பிட்டியன்னு கேட்டேன், அண்ணாச்சிக்கு ஞாபகம் இல்ல. நான் வாசிச்சதுல ஒண்ணுகூட நிக்கல. அப்புறம் எப்படி அந்தப் பத்து மட்டும் உள்ள போச்சு? தெனமும் ஒரே நேரத்துல, சோத்துக்கு முன்னால, விடாம சொல்ல வச்சதாலயா? அப்படீன்னா இன்னும் என்னெல்லாம் உள்ள போகும்?" என்று அடுக்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கிக் கேட்டாள்: "தனியா இருந்தார்னு படிவத்துல ஏன்க்கா போட்டிய?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த ஒரு தெரு மட்டும் என்றால் ஜெபாவின் கண்டுபிடிப்போடு போகும். பதினொரு வருடப் படிவங்கள் என்றால் எத்தனை பேர் உழைப்பு! ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, பொய் எழுதியவள் என்று வெளியே அனுப்பிவிட்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது? ஏரல் தெருவை மட்டும் ஒப்புக்கொள்ளலாமா என்று வண்ணார்பேட்டை வரும் வரைக்கும் யோசித்தேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்த முகம் விடவில்லை. உண்மையிலேயே மறதி வந்த மனிதரை, ஒன்றுமில்லை என்று எழுதி, ஆஸ்பத்திரிப் பக்கமே வர விடாமல் செய்தது என் பேனா. மாடிப்படி ஏறி நேரே டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லா வீட்டையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் கட்டத்த வச்சது நான். வீட்டு ஆள எழும்பச் சொல்லுத கஷ்டத்த உன் தலையில போட்டுட்டு, நான் இங்கன உக்காந்துட்டேன்" என்றார். பிறகு, "ஆனா நீ எழுதினது பொய். எங்கிட்ட வந்து முடியலன்னு சொல்லிருக்கணும்" என்றார். இரண்டும் உண்மை. இரண்டாவதைக் கேட்டு நான் அழுதேன்.

அடுத்த மூன்று மாதம் பழைய படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் சுழித்து, 'நம்ப முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதிய படிவத்தில் ஆம், இல்லை என்ற கட்டத்தையே டாக்டர் எடுத்துவிட்டார். அதற்குப் பதில், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள் என்று அறையைப் படமாக வரைய வேண்டும். வார்த்தைகளும் ஒவ்வொரு தடவையும் வேறாயின. பெரியவர் எத்தனை வார்த்தை சொன்னார் என்பதை முதலில் அவரிடம் மட்டும்தான், தனியாகச் சொல்ல வேண்டும், அவர் சம்மதித்தால்தான் வீட்டாரிடம் என்ற விதியும் வந்தது. ஜெபா நேர்காணலில் அந்தத் தெருவின் கதையை உள்ளபடி சொன்னாள். அந்த வருடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. எங்களோடு இன்னொரு வருடம் இருந்து, மறதி வந்தவர்களுக்கு எதை, எப்படிப் பழக்கினால் மனதில் நிற்கிறது என்பதையே தன் கேள்வியாக எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் அதைத்தான் ஆராய்கிறாள்.

அண்ணாச்சியைப் பிற்பாடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தோம். தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. மறதிக்கு அது ஒரு பங்கு காரணம், மிச்சம் வயதோடு வந்த நோய் என்றார்கள். மாத்திரையில் கொஞ்சம் தெளிந்தார். ஒரு ஆள் துணையோடு காலையில் மண்டிக்குப் போய் உட்கார்ந்து வரலாம் என்று டாக்டர் விசாலமே மகன்களிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். முதலிலேயே பார்த்திருந்தால் எவ்வளவு தெளிந்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி நாங்கள் அவர் வீட்டுக்குப் போன நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. டாக்டர் விசாலமும் அன்றைக்கு எங்களோடு வந்திருந்தார். அறை வாசலில் நின்று, "மதினி, இந்தத் தடவ நீங்க வெளிய இருக்கணும்" என்று நான்தான் சொன்னேன். அந்த முதல் மாதத்துக்குப் பிறகு பதினொரு வருடமாகச் சொல்லாத வார்த்தை. மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். வெளியே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

இன்னொரு புதிய பத்து. நானே வாசித்தேன். அண்ணாச்சி சாத்திய கதவைப் பார்த்தபடியே கேட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, பழையதை ஒப்பிக்கவும் இல்லை. பைய யோசித்து மூன்று வார்த்தை சொன்னார். நிறுத்திக்கொண்டார். எல்லாச் சோதனையும் முடிந்ததும், டாக்டர் தலையசைக்க, நான் சொன்னேன்: "அண்ணாச்சி, பத்துல மூணு வந்துருக்கு. ஞாபகத்துல கொஞ்சம் தடுமாத்தம் இருக்கு. ஒருக்க ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துருவோமா?"

இடிந்துபோவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அது எனக்குத் தெரியும்லா தாயி. மறதி வந்தவனுக்குத் தெரியாதா, மறக்குதது?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பத்தையும் சொல்லிட்டம்னா அவ அன்னைக்கு முழுக்கச் சிரிச்ச முகமா இருக்கா. அதுக்குத்தான் படிச்சேன். மண்டிக்காக இல்ல. மண்டி கெடக்கு, போங்க."

ஜெபா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, "மதினி, உள்ள வாங்க" என்றேன்.